ஒரே தகடு, பல நிறம்: கிருஷ்ணா ரெட்டியை முன்வைத்து அச்சோவியம் பற்றிக் கொஞ்சம்

திருகோணமலையில் பள்ளிக்கூடம் போன யாரும் அச்சோவியம் தெரியாது என்று சொல்லக்கூடாது. மூன்றாம் ஆண்டுச் சித்திரப் பாடத்துக்கு அம்மாவிடம் கெஞ்சி ஒரு வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு போயிருப்பீர்கள். குறுக்கே வெட்டி, வர்ணத்தில் தோய்த்து, கொப்பியில் குத்தினால் ஐந்து இதழ்ப் பூ. உருளைக்கிழங்கு கொண்டுவந்தவன் பணக்காரன். அதில் பிளேட்டால் நட்சத்திரம்கூட வெட்டலாம். கொப்பி முழுக்கக் குத்தி முடித்து, மிச்ச வர்ணத்தை முன் வாங்கில் இருந்தவனின் வெள்ளைச் சேட்டில் குத்தி, ரீச்சரிடம் அடி வாங்கியதோடு பலருக்கு அந்தக் கலை முடிந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை, அதே வேலையைச் செம்பிலும் துத்தநாகத்திலும் வாழ்நாள் முழுக்கச் செய்த ஒருவரைப் பற்றியது. கிருஷ்ணா ரெட்டி. 1925-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர்ப் பக்கத்தில் நந்தனூர் என்ற கிராமத்தில் பிறந்தார். 2018-ல் நியூயோர்க்கில் இறந்தார். ஒரே தகட்டில், ஒரே அழுத்தில் பல நிறங்களை எடுக்கும் வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர். அந்த வழி என்ன என்று விளக்குவதுதான் என் நோக்கம். அதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தாண்டவேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் பக்கத்து வீட்டு மாமா. ரெட்டியின் படங்கள் உள்ள ஒரு கண்காட்சிப் புத்தகம் என் மேசையில் விரித்தபடி கிடந்தது. தேத்தண்ணி குடிக்க வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“நல்ல பெயின்டிங்.”

“பெயின்டிங் இல்லை மாமா, அச்சு. தகட்டில செதுக்கி, மை பூசி, கடுதாசியில எடுக்கிறது.”

“ஓ, அச்சா. அப்ப கொப்பிதானே? ஒரிஜினல் எங்க இருக்கு?”

நூற்றில் தொண்ணூறு பேர் இதைத்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வியும்கூட. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களை நினைத்துப் பாருங்கள். ரவிவர்மா முதலில் எண்ணெய் வர்ணத்தில் துணியில் வரைந்தார். பிறகு 1894-ல் பம்பாய்ப் பக்கம் ஒரு கல்லச்சுக்கூடம் தொடங்கி, அந்த ஓவியங்களை அச்சில் இறக்கினார். அங்கே அசல் என்று துணியில் ஒன்று உண்டு. அச்சு அதன் நகல். மாமாவின் தலைக்குள் இருந்தது இந்தக் கணக்கு.

அச்சோவியத்தில் கணக்கு வேறு. ஓவியர் வேறெங்கும் முதலில் வரைந்து முடித்து அதைப் பிரதி எடுப்பதில்லை. நேராகத் தகட்டிலோ மரத்திலோ வேலை செய்கிறார். தகட்டில் இருப்பது படம் அல்ல; மேடும் பள்ளமுமான ஒரு உலோகம், அதுவும் இடம் வலம் மாறியது. மையும் கடுதாசியும் சேர்ந்த பிறகுதான் படம் பிறக்கிறது. இடியப்ப உரலைக் காட்டி இதுதான் ஒரிஜினல் இடியப்பம் என்று யாராவது சொல்வார்களா? உரலில் இருந்து இறங்கிய ஒவ்வொரு தட்டும் இடியப்பம்தான். ஒன்று மற்றதன் கொப்பி இல்லை.

ஆகவே அச்சோவியத்தில் அசல் ஒன்று இல்லை, பல. எத்தனை என்பதை ஓவியரே முடிவு செய்கிறார். ஐம்பது என்று முடிவு செய்தால், ஒவ்வொன்றின் கீழேயும் பென்சிலால் 1/50, 2/50 என்று எழுதுவார். பொதுவாக இடது பக்கம் எண், வலது பக்கம் கையொப்பம், நடுவில் சில வேளை தலைப்பு. 7/50 என்றால் ஐம்பதில் ஏழாவது. எண் சிறியதாக இருந்தால் படம் உசத்தி என்று சிலர் நம்புகிறார்கள்; அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. கணினியில் பெரிதாக அச்சடித்து, அதிலும் எண் போட்டு ‘லிமிட்டெட்’ என்று விற்கிற படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அழகாக இருந்தால் வாங்கி மாட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அவை ரவிவர்மா லட்சுமியின் சொந்தக்காரர். இங்கே பேசும் சாதி வேறு.

சரி, தகட்டுக்கு வருவோம். மை எங்கே நிற்கிறது என்பதுதான் அச்சுக்கலையின் முழு இரகசியமும். வெண்டிக்காயில் மை மேட்டில் நின்றது. பள்ளம் வெறுமையாக இருந்தது. மரத்தில் செதுக்கும் அச்சும், லினோலியம் விரிப்பில் செதுக்கும் லினோ அச்சும், றப்பர் சீலும் இந்த இனம். இன்னொரு இனம் இதற்கு நேர் எதிர். அதற்கு வெண்டிக்காய் உதவாது, கோட்டை வாசலுக்குப் போகவேண்டும்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரட்ரிக் கோட்டையின் நுழைவாயிலில், இரட்டை மீனோடு குளக்கோட்டன் பெயர் வரும் அந்தச் சிதைந்த கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் மானுக்குத் தீனி போட்டுவிட்டு மேலே ஏறியிருந்தால், அடுத்தமுறை ஒரு நிமிடம் நில்லுங்கள். எழுத்துகள் கல்லுக்குள் வெட்டப்பட்டவை. இப்போது ஒரு கற்பனை. கற்பனை மட்டும்தான், தொல்பொருளில் கைவைத்தால் நான் பொறுப்பில்லை. அந்த எழுத்துப் பள்ளங்களுக்குள் மையைத் திணித்து, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறோம். ஈரக் கடுதாசியை அதன்மேல் வைத்துப் பலமாக அழுத்துகிறோம். நனைந்து மெதுமெதுப்பான கடுதாசி பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். எழுத்து கறுப்பாக, சுற்றுப்புறம் வெள்ளையாக வரும். பள்ளம் அச்சாகும் இந்த இனத்தில்தான் செம்புத் தகட்டில் உளியால் கீறுவதும், அமிலத்தில் தகட்டை அரிக்கவிட்டு எடுக்கும் எச்சிங்கும் அடங்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் படியெடுப்பது இதற்கு மறுதலை: ஈரக் கடுதாசியைக் கல்லில் ஒட்டித் தட்டிவிட்டு, மேலே மையை ஒற்றுவார்கள். அப்போது கல்லின் மேற்பரப்பு கறுப்பு, எழுத்து வெள்ளை. அதாவது வெண்டிக்காய் முறை.

மேடு ஒரு இனம், பள்ளம் ஒரு இனம். ரெட்டி இரண்டையும் ஒரே தகட்டில் சேர்த்தார். அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு அவருடைய படிப்பைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அவர் படித்தது அச்சுக்கலையை அல்ல.

1940களின் தொடக்கத்தில், வங்கத்தில் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதனுக்குப் போனார். ஓவியர் நந்தலால் போஸிடம் பயிற்சி. அந்த வளாகத்தில் அப்போது சிற்பி ராம்கிங்கர் பைஜ், ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி எல்லாரும் இருந்தார்கள். மரத்தைப் பார்த்து மரம்போல வரையாதே, அது எப்படி வளர்கிறது என்று பார் என்கிற வகைப் பள்ளி. படித்து முடித்தபின் சென்னைக்கு வந்து 1947 முதல் 1949 வரை கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். இது எனக்குப் பிடித்த தகவல். எங்கள் ஊரில் கலாக்ஷேத்திரா என்றால் பரதம் படிக்கப் போகும் பிள்ளைகள் மட்டும்தான் நினைவுக்கு வருவார்கள். ருக்மிணி தேவி அருண்டேலின் அந்தப் பள்ளியில் ஒரு சித்திர வாத்தியாராக இவர் இருந்திருக்கிறார்.

அப்புறம் லண்டன், ஸ்லேட் பள்ளியில் ஹென்றி மூரிடம் சிற்பம். அங்கிருந்து பாரிஸ், ஒசிப் ஸட்கினிடம் சிற்பம். பிறகு மிலான், மரினோ மரீனியிடம் அதுவும் சிற்பம். ஆக, அவர் கை பழகியது உளியிலும் சுத்தியலிலும். ஓவியர் தகட்டைப் பார்த்தால் கோடு கீறத் தோன்றும். சிற்பிக்கு அது ஒரு நிலம்; அதில் எங்கே தோண்டலாம், எங்கே மேடு விடலாம் என்றுதான் தோன்றும். இதுவரை அவரைப் பற்றிப் படித்ததில் எனக்குப் புரிந்த திறவுகோல் இதுதான். ரெட்டி தகட்டில் படம் வரையவில்லை, தகட்டை மெலிந்த சிற்பமாகச் செதுக்கினார்.

பாரிஸில் அவர் போய்ச் சேர்ந்த இடம் அதெலியே 17. ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர் 1927-ல் தொடங்கிய அச்சுப் பட்டறை. பின்னர் குடிபோன வீட்டின் இலக்கம் 17, அதுவே பெயராகிவிட்டது. பிக்காசோ, மீரோ, ஜக்கோமெத்தி எல்லாரும் அங்கே வேலை செய்தவர்கள். போர்க்காலத்தில் பட்டறை நியூயோர்க்குக்குப் போய், 1950-ல் பாரிஸ் திரும்பியது. திரும்பிய கொஞ்சக் காலத்தில் ரெட்டி உள்ளே வருகிறார். பம்பாயிலிருந்து வந்த கைக்கோ மோத்தியும் அங்கே இருக்கிறார். எல்லாரையும் அரித்துக்கொண்டிருந்த சிக்கல் ஒன்று: நிறம்.

கல்யாணக் காட் அடிக்கிற பிரஸ்ஸில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். ஒரு நிறத்துக்கு ஒரு தகடு. நீலம் ஒருமுறை, சிவப்பு ஒருமுறை, மஞ்சள் ஒருமுறை, கறுப்பு ஒருமுறை. நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். பிசகினால் பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை. என் நண்பன் ஒருவனின் காட்டில் மணமகள் பெயருக்குச் சிவப்பில் ஒரு நிழல் விழுந்திருந்தது. முந்நூறு காட்டும் அப்படியே போனது. யந்திரத்துக்கே இந்தப் பாடு என்றால், கையால் மை பூசி, ஈரத்தில் ஊதிச் சுருங்கும் கடுதாசியில் நான்குமுறை எடுப்பவர் நிலை என்ன?

ஒரே தகட்டில் எல்லா நிறத்தையும் பூசி ஒரே முறையில் எடுத்துவிட்டால்? பூசலாம். ஆனால் ஒன்றோடு ஒன்று கலந்து சேறாகிவிடும். கலக்காமல் நிறுத்துவது எப்படி? விடை மையின் இளக்கத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்து எருமைத் தயிரையும் கித்துள் பாணியையும் (கித்துள் பனையின் பாகு) நினைத்துக்கொள்ளுங்கள். சட்டித் தயிரில் பாணியை ஊற்றும்போது அது நூலாக, மெதுவாக, வேண்டாவெறுப்பாக இறங்கும். தேங்காயெண்ணெயை ஊற்றிப் பாருங்கள் (சாப்பிட அல்ல). சட்டென்று ஓடிப் பரவும். ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற இந்தக் குணத்தைத்தான் பாடப்புத்தகம் பிசுக்குமை என்கிறது. பாணிக்கு அது அதிகம், எண்ணெய்க்குக் குறைவு. அச்சு மையிலும் இதைக் கூட்டிக் குறைக்கலாம். ஆளிவிதை எண்ணெய் சேர்த்தால் மை இளகும். சேர்க்காமல் விட்டால், அல்லது மக்னீசியம் காபனேற்றுத் தூள் கொஞ்சம் கலந்தால் இறுகும்.

இனி விஷயத்தின் கரு. தகட்டில் முதலில் இளகிய மஞ்சளை ஒரு மெல்லிய படலமாக உருட்டுகிறீர்கள். அதன்மேல் இறுகிய நீலம் பூசிய உருளையை ஓட்டுகிறீர்கள். நீலம் ஒட்டாது! உருளை தூக்கும் நேரத்தில் இரண்டு மையும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எது இளகியதோ அதுதான் கிழியும். இங்கே கிழிவது மஞ்சள் படலம். நீலம் தன் பிடியை விடாமல் உருளையோடே திரும்பிப் போய்விடுகிறது. தகட்டில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கிறது. வரிசையை மாற்றிப் பாருங்கள்: இறுகிய நீலம் முதலில், இளகிய மஞ்சள் பிறகு. இப்போதும் கிழிவது மஞ்சள்தான், ஆனால் இம்முறை அது உருளையில் இருக்கிறது. பாதி உருளையில் தங்க, பாதி நீலத்தின்மேல் படிந்துவிடும். பச்சை. ஒன்றை ஒன்று தள்ளுவதும் ஏற்பதும் வெறும் எண்ணெய்க் கணக்கு.

இதோடு ரெட்டியின் மேடு பள்ளத்தைச் சேர்த்துப் பாருங்கள். அமிலத்தாலும் உளியாலும் தகட்டில் பல மட்டங்களை உண்டாக்குவார். முதலில் ஆழமான கோடுகளுக்குள் ஒரு மையைத் திணித்து மேலே துடைத்துவிடுவார். அது கோட்டை வாசல் முறை. அடுத்து, இளகிய மையுடன் கடினமான உருளை. கடினம் என்பதால் அது பள்ளத்துக்குள் வளையாது. உச்சி மேடுகளை மட்டும் தொட்டுப் போகும். அது வெண்டிக்காய். மூன்றாவதாக, இறுகிய மையுடன் மிருதுவான உருளை. மிருது என்பதால் அழுத்தும்போது இடைப்பட்ட பள்ளங்களுக்குள் இறங்கி மை வைக்கும். உச்சி மேட்டையும் அது தொடத்தான் செய்யும், ஆனால் அங்கே ஏற்கெனவே இளகிய மை இருப்பதால் ஒட்டாமல் வந்துவிடும். மூன்று மட்டம், மூன்று நிறம், ஒன்றும் கலக்கவில்லை. வேண்டிய இடத்தில் கலக்கவும் விடலாம். ஈரக் கடுதாசியை வைத்து, மேலே கம்பளி விரித்து, கனத்த யந்திரத்தில் ஒருமுறை ஓட்டினால் முடிந்தது.

பிசுக்குமைக்கு ஆங்கிலத்தில் விஸ்கோசிற்றி; அதனால் இதற்குப் பெயர் விஸ்கோசிற்றி முறை. கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஹேட்டர் என்றும் சொல்வார்கள், ரெட்டியும் மோத்தியும் என்றும் சொல்வார்கள். ஒரு பட்டறையில் பத்துப் பேர் ஒரே மேசையில் மை குழைக்கும்போது எது யார் கையில் பிறந்தது என்று பிரித்தெடுப்பது கஷ்டம். ஆனால் அதன் முழு ஆழத்துக்கும் இறங்கியவர் ரெட்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றவர்களுக்கு அது நிறம் பூசும் தந்திரம். இவருக்குச் சிற்பத்தின் உயரத்தை நிறமாக மாற்றும் வழி. பின்னர் அந்தப் பட்டறையின் இணை இயக்குநராகவும் இருந்தார். 1960களில் அங்கே வேலை பழகியவர்களில் இந்திய அச்சோவியர் ஸரினா ஹாஷ்மியும் ஒருவர்.

இதை எழுதுமுன் நானே செய்து பார்க்க நினைத்தேன். அச்சுயந்திரம் எனக்கு எங்கே? ஒரு கண்ணாடித் துண்டு, கொழும்பில் வாங்கிய இரண்டு குழாய் எண்ணெய் வர்ணம், ஆளிவிதை எண்ணெய், சின்னதாக ஒரு றப்பர் உருளை. முதல் நாள் முழுத் தோல்வி. கச்சான் காற்று வீசுகிற மாதம், மதியம் இரண்டு மணி. இறுக்கமாகக் குழைத்து வைத்த நீலம் சூட்டில் இளகிவிட்டது. மஞ்சளோடு போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டது. கண்ணாடி முழுக்கப் பாசிநிறச் சேறு. சூடேறினால் பிசுக்குமை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு எழும்பி, மை குழைத்து உருட்டினேன். மஞ்சளின்மேல் நீல உருளை போய் வந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது. இரண்டாம் முறையும் ஓட்டினேன், அப்படியே. சின்ன விஷயம்தான், ஆனால் வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “தாச்சியில எண்ணெய் தடவினால் தோசை ஒட்டாதுதானே” என்று சொல்லிவிட்டு மறுபடி படுக்கப் போனா.

இனிப் படங்கள். 1952-ல் செய்த ‘மீன்’ தொடக்க காலத்தது. 1963-ல் ‘அலை’, அதே ஆண்டு ‘நீர்ச்சுழி’. நான் மணிக்கணக்காகப் பார்த்தது இந்த இரண்டையும்தான். கடலோரத்தில் பிறந்தவனுக்கு அலையை வரைந்தவர்கள்மேல் ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும்; நுரையை வெள்ளையாகப் பூசிவிட்டால் அலை வந்துவிட்டது என்று நினைப்பார்கள். ரெட்டியின் அலையில் நுரை தனியாக இல்லை. உப்புவெளிக் கரையில் நின்று ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும், தண்ணீருக்கு என்று ஒரு நிறம் கிடையாது. மேலே ஒன்று, அதற்கடியில் ஒன்று, மணல் தெரியும் இடத்தில் இன்னொன்று, எல்லாம் ஒரே நேரத்தில். மட்டத்துக்கு ஒரு நிறம் என்கிற அவருடைய முறைக்குத் தண்ணீரைவிடப் பொருத்தமான பொருள் வேறு இல்லை என்று நினைக்கிறேன். ‘நீர்ச்சுழி’யில் எல்லாக் கோடும் நடுவை நோக்கி இழுபடுகிறது. கோணேசர் மலை உச்சியில் நின்று கீழே பாறைக்கு நடுவில் கடல் சுழல்வதை எட்டிப் பார்த்தவர்களுக்கு வயிற்றில் ஒன்று செய்யுமே, அது.

அவர் தண்ணீரோடு நின்றுவிடவில்லை. 1968, பாரிஸ் வீதிகளில் மாணவர்கள் இறங்கிய ஆண்டு; அந்த ஆண்டில் செய்ததற்குப் பெயர் ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’. 1972-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 1970களில் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அச்சுக்கலை கற்பித்தார். 1980களில் செய்த ‘மாபெரும் கோமாளி’யைத்தான் பலரும் அவருடைய உச்சம் என்கிறார்கள். ஒரே தகட்டை வெவ்வேறு நிறச் சேர்க்கைகளில் எடுத்திருக்கிறார்; ஒன்றில் சர்க்கஸ் வெளிச்சம், இன்னொன்றில் ஏதோ துக்கம். உலோகத்தில் ஒரு கோடும் மாறவில்லை, மையும் அதன் இளக்கமும்தான் மாறியிருக்கின்றன. கொப்பி என்கிற சொல் இங்கே எவ்வளவு பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

அச்சோவியம் என்றால் நிறம் என்று நினைத்துவிடவும் கூடாது. ரெட்டியின் காலத்தவரான வங்கச் சிற்பியும் அச்சோவியருமான சோம்நாத் ஹோர், 1970களில் ‘காயங்கள்’ என்ற வரிசையில் மையே பூசவில்லை. வெள்ளைக் கடுதாசிக்கூழை அச்சில் வார்த்து எடுத்தார். வெள்ளைமேல் வெள்ளையாக வெட்டும் கிழிசலும். வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். எங்கள் ஊர்க்காரர் யாரும் அந்தப் படங்களைக் கண்டு, ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்கமாட்டார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். அமிலமும் யந்திரமும் வேண்டாம். தேய்ந்த றப்பர் செருப்பின் அடியில் பிளேட்டால் செதுக்கி, மை தடவி, கடுதாசியை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும். எழுத்து வெட்டினால் மறுபக்கமாக வெட்ட மறக்காதீர்கள். நான் முதலில் வெட்டிய ‘க’ கண்ணாடியில் பார்த்தால்தான் வாசிக்க முடிகிறது.

மாமாவுக்கு இவ்வளவையும் சொல்லி முடிக்க இரண்டு தேத்தண்ணி ஆனது. மஞ்சள், நீலக் கதையைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு கேட்டார்:

“அப்ப அம்பது எடுத்து முடிஞ்ச பிறகு அந்தத் தகட்டை என்ன செய்வினம்?”

“இனி எடுக்கக்கூடாது எண்டு குறுக்கே கோடு கீறி விடுறது வழக்கம் மாமா. எல்லாரும் செய்யிறதில்லை. ஆனா வழக்கம்.”

“மாசக்கணக்காய்ச் செதுக்கினதையோ?”

“ஓம்.”

கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். படியிறங்கும்போது திரும்பி, “இடியப்ப உரலை ஆரும் உடைக்கிறதில்லையே” என்றார்.